காறிய எண்ணெயும் நெல்லிக்கனியும்: ஆக்சிஜனேற்றத் தடுப்பி என்ற கருத்தின் வரலாறு

வாணலியில் எண்ணெய் அளவுக்கு மீறிக் காய்ந்து புகையும்போது கண்ணைக் கரிக்கும் ஒரு வாடை எழும். அக்ரோலின் என்னும் வேதிப்பொருளுக்கு அதில் பெரும் பங்கு உண்டு. முதல் உலகப் போரில் பிரெஞ்சுப் படை இதே அக்ரோலினைக் குண்டுகளில் அடைத்துக் கண்ணீர்ப்புகையாகப் பயன்படுத்தியது. ஆனால் சேமித்து வைத்த அக்ரோலின் பிசினாக இறுகிப் பயனற்றுப் போய்க்கொண்டிருந்தது. அதைத் தடுக்க வழி தேடிய வேதியியலாளர்கள் ஷார்ல் மூர்யூவும் ஷார்ல் துஃப்ரேஸும், ஹைட்ரோகுயினோன் போன்ற ஃபீனால் வகைப் பொருள்களை மிகச் சிறிதளவு கலந்தாலே காற்றிலுள்ள ஆக்சிஜன் அக்ரோலினைக் கெடுக்காமல் நிற்பதைக் கண்டார்கள். போர் முடிந்த பின், 1922இல், இந்த முடிவுகள் பாரிஸ் அறிவியல் கழகத்தின் இதழில் வெளிவந்தன. ஆக்சிஜனேற்றத் தடுப்பி என்ற கருத்துக்கு உறுதியான வேதியியல் அடித்தளம் அங்கேதான் விழுந்தது.

இன்று இந்தச் சொல் தேயிலைப் பொட்டலத்திலும் மாதுளைச் சாறு விற்கும் கடைப் பலகையிலும் இருக்கிறது. இடைப்பட்ட நூறாண்டில் அது கடந்து வந்த வழி நேரானதல்ல. கிட்டங்கியில் பிறந்த சொல் மனித உடலுக்குள் குடியேறியபோது, பொருள் எவ்வளவு நாள் கெடாமல் நிற்கும் என்ற கிட்டங்கியின் அளவுகோலையும் கூடவே எடுத்து வந்துவிட்டது. தாவர உணவின் நலன் பற்றிய பிற்காலக் குழப்பங்களில் பாதிக்கு மேல் அந்த அளவுகோலால் வந்தவை என்பது என் வாதம்.

முதலில் கிட்டங்கி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் வெடித்துப்போவதும், பெட்ரோலில் பிசின் படிவதும், பன்றிக்கொழுப்பு காறிப்போவதும் தொழில்களுக்கு நட்டம் தந்த சிக்கல்கள். மூன்றிலும் நடப்பது ஒன்றே. ஆக்சிஜன் ஒரு மூலக்கூற்றைத் தாக்க, அது ஃப்ரீ ராடிக்கல் என்னும் நிலையற்ற துணுக்காக மாறி அடுத்ததைத் தாக்க, சங்கிலியாகக் கேடு பரவுகிறது. ஃபீனால் தன் ஹைட்ரஜனைக் கொடுத்துச் சங்கிலியை அறுக்கிறது. ஃபீனால்கள் தாவர உலகெங்கும் நிறைந்தவை. இலை தானே ஆக்சிஜனை உண்டாக்குகிறது, நாள் முழுதும் வெயிலில் நிற்கிறது. விதையோ கொழுப்பைச் சேமித்து மாதக்கணக்கில் காத்திருக்கிறது. இரண்டுக்கும் ஆக்சிஜனிடமிருந்து பாதுகாப்பு வேண்டும். நல்லெண்ணெய் மற்ற எண்ணெய்களைப் போல விரைவில் சிக்கு வாடை அடிக்காதது நம் வீடுகளில் நெடுங்காலமாகத் தெரிந்த செய்தி. ஊறுகாய்க்கு அதை ஊற்றியதற்குச் சுவை மட்டும் காரணமாக இருந்திருக்காது. எள்ளில் உள்ள செசமோலின், சூட்டில் உடைந்து செசமோல் என்னும் ஃபீனாலைத் தருகிறது. 1952இல் அமெரிக்காவில் சிப்போல்ட் குழுவினர் 32 நறுமணப் பொருள்களைக் கொழுப்பில் கலந்து பார்த்ததும் இந்த மரபிலான ஆய்வே. ரோஸ்மேரியும் சேஜும் முன்னணியில் நின்றன. இவையெல்லாம் எண்ணெயைப் பற்றிய ஆய்வுகள். எவரும் மனிதரைப் பற்றிப் பேசவில்லை.

மனிதர் வந்தது வைட்டமின் வழியாக. மூர்யூவின் கட்டுரை வந்த அதே 1922இல், கலிபோர்னியாவில் ஹெர்பர்ட் எவன்ஸும் காதரின் பிஷப்பும், பெண் எலிகளின் கரு கலையாமல் காக்கும் ஓர் உணவுக்கூறு இருப்பதை அறிவித்தார்கள். அதுதான் பிற்பாடு வைட்டமின் ஈ ஆனது. கோதுமை முளையின் எண்ணெயிலிருந்து 1936இல் அதைப் பிரித்தெடுத்து டோகோஃபெரால் என்று பெயரிட்டார்கள். மறு ஆண்டே ஓல்காட்டும் எமர்சனும் டோகோஃபெரால்கள் கொழுப்பு காறுவதைத் தடுப்பதைக் காட்டினார்கள். குடுவையில் எண்ணெயைக் காப்பதும் உடலில் எலியின் கருவைக் காப்பதும் ஒரே பொருள் என்றானபோது, இரண்டும் ஒரே வேலைதான் என்ற எண்ணம் எளிதில் ஒட்டிக்கொண்டது.

வைட்டமின் சி கதையில் இந்த ஒட்டுதல் இன்னும் அழகானது. ஹங்கேரியரான ஆல்பர்ட் சென்ட்-ஜியோர்ஜி, ஆப்பிளை வெட்டினால் ஏன் பழுப்பேறுகிறது, எலுமிச்சையும் ஆரஞ்சும் ஏன் அப்படி ஆவதில்லை என்று கேட்டவர். ஆக்சிஜனேற்றத்தைத் தாமதப்படுத்தும் ஒரு பொருளை 1928இல் பிரித்தெடுத்தார். அது எந்தச் சர்க்கரை என்று புரியாமல் 'இக்னோஸ்' என்று பெயர் வைக்கப் பார்த்தார், இதழாசிரியர் ஒப்பவில்லை. அடுத்து 'காட்நோஸ்', அதாவது கடவுளுக்கே வெளிச்சம், என்றார், அதுவும் செல்லவில்லை. கடைசியில் ஹெக்சுரானிக் அமிலம் என்று அச்சேறியது. அதுவே ஸ்கர்வி நோயைத் தீர்க்கும் வைட்டமின் சி என்று 1932இல் தெளிவானது. செகெட் ஊரின் பாப்ரிக்கா மிளகாயிலிருந்து அதைக் கிலோக் கணக்கில் எடுத்தார். 1937இல் நோபல் பரிசு வந்தது. கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஸ்கர்வியில் ஈறு வீங்கி இரத்தம் கசிவது, கொலாஜன் புரதத்தை முறுக்கி உறுதியாக்கும் நொதிகளுக்கு வைட்டமின் சி தேவைப்படுவதால். அது குறிப்பிட்ட சில நொதிகளின் வேலை. 'உடலுக்குள் துருப்பிடிக்காமல் காக்கிறது' என்ற பொதுப் படம் ஸ்கர்வியை விளக்காது.

அதே காலத்தில் சென்னையிலும் ஒரு முக்கிய ஆய்வு நடந்தது. சேப்பாக்கத்திலிருந்த சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் எம்.தாமோதரனும் கே.ஆர்.நாயரும் நெல்லிக்கனியை எடுத்துக்கொண்டார்கள். வைட்டமின் சி சூட்டிலும் காற்றிலும் அழிவது. நெல்லியில் மட்டும் அது தாக்குப்பிடிக்கிறது. ஏன் என்ற கேள்விக்கு, கனியிலுள்ள ஒரு டானின் வைட்டமினைக் காக்கிறது என்று 1936இல் லண்டன் உயிர்வேதியியல் இதழில் விடை எழுதினார்கள். நெல்லியைக் கடித்தால் முதலில் நாக்கைப் பிடிக்கும் அந்தத் துவர்ப்புதான் டானின். இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையினருக்கு நெல்லிப்பொடியும் மாத்திரையும் வழங்கப்பட்டன. தாவரத் தடுப்பிகளின் வரலாற்றை எழுதுவோர் செகெட்டைச் சொல்கிறார்கள், சேப்பாக்கத்தைச் சொல்வதில்லை. நம் நூல்களிலும் இந்தக் கட்டுரையைப் பற்றிய பேச்சு அரிது.

உடலைப் பற்றிய பெருங்கோட்பாடு போருக்குப் பின் எழுந்தது. அதன் ஊற்றுக்கண் உணவு அல்ல, கதிர்வீச்சு. எக்ஸ் கதிர் செய்யும் கேடும் மிகை ஆக்சிஜன் செய்யும் கேடும் ஃப்ரீ ராடிக்கல் என்ற ஒரே வழியில் நடக்கின்றன என்று அர்ஜென்டினியரான ரெபேகா கெர்ஷ்மன் 1954இல் காட்டினார். இரண்டாண்டு கழித்து டென்ஹாம் ஹார்மன், முதுமைக்கே அதுதான் காரணம் என்றார். ஹார்மன் மருத்துவம் படிப்பதற்கு முன் ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் வேதியியலாளராக இருந்தவர். பெட்ரோலியத் தொழிலின் வேதியியல் முதுமைக் கோட்பாடாக உருமாறியது இப்படித்தான். 1969இல் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் சூப்பராக்சைடு என்னும் ஃப்ரீ ராடிக்கலை அழிக்கும் நொதியைக் கண்டறிந்தபோது கோட்பாட்டுக்கு வலுக் கூடியது. உயிரணு தன்னைத் தானே காத்துக்கொள்ளும் கருவிகளை வைத்திருக்கிறது என்பதும் அதே கண்டுபிடிப்புக்குள் இருந்த செய்தி. அதைக் கேட்டவர்கள் குறைவு. அடுத்த ஆண்டு வேதியியலாளர் லைனஸ் பாலிங் எழுதிய சளி பற்றிய நூல் வைட்டமின் சி மாத்திரையை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது.

காய்கறி மிகுதியாக உண்பவரிடம் புற்றுநோய் குறைவு என்பது பல நாடுகளின் கணக்கெடுப்பில் தெரிந்திருந்தது. அந்தக் காப்பைத் தருவது கேரட்டின் ஆரஞ்சு நிறமியான பீட்டா கரோட்டினா என்று 1981இல் ரிச்சர்ட் பீட்டோவும் ரிச்சர்ட் டாலும் பிறரும் நேச்சர் இதழில் கேட்டார்கள். கட்டுரைத் தலைப்பே கேள்விக்குறியோடுதான் முடிந்தது. இதைச் சோதிக்கப் பின்லாந்தில் 50 முதல் 69 வயதுக்குட்பட்ட 29,133 ஆண் புகைப்பாளர்களுக்கு நாளொன்றுக்கு 20 மி.கி. பீட்டா கரோட்டினோ, 50 மி.கி. வைட்டமின் ஈயோ, இரண்டுமோ, வெற்று மாத்திரையோ ஐந்து முதல் எட்டு ஆண்டு தந்து பார்த்தார்கள். 1994இல் முடிவு வந்தது. பீட்டா கரோட்டின் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடியிருந்தது. தற்செயல் என்று ஒதுக்கப் பார்த்தவர்களுக்கு அமெரிக்காவிலிருந்து மறுமொழி கிடைத்தது. புகைப்பாளர்களும் கல்நார்த் தொழிலாளர்களுமாக 18,314 பேர் பங்கேற்ற ஆய்வு, கெடுவுக்கு 21 மாதம் முன்பே, 1996 சனவரியில் நிறுத்தப்பட்டது. பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஏயும் பெற்றவர்களிடம் நுரையீரல் புற்று 28 விழுக்காடு மிகுதி, சாவு 17 விழுக்காடு மிகுதி. பின்னர் 35,533 ஆண்கள் கொண்ட ஆய்வில், வைட்டமின் ஈ மட்டும் பெற்றவர்களிடம் புராஸ்டேட் புற்று 17 விழுக்காடு கூடியது.

கேரட் சாப்பிட்டால் கேடு என்று இதற்குப் பொருளில்லை. கேரட்டிலிருந்து ஒரு பொருளை உருவி, உணவில் கிடைக்காத அளவில் புகை படிந்த நுரையீரலுக்குக் கொடுத்தபோது நடந்தது இது. காய்கறி உண்பவர் புகைப்பது குறைவு, நடப்பது மிகுதி, வருமானமும் வேறு. பீட்டா கரோட்டின் அவர்களது வாழ்க்கையின் அடையாளம், அவர்களைக் காத்த கவசம் அல்ல என்பதே பொருத்தமான விளக்கமாகத் தோன்றுகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் கிட்டங்கி அளவுகோல் ஓயவில்லை. 1990களில் உருவான ஓராக் என்ற முறை, ஒரு பொருளின் சாறு ஒளிரும் சாயத்தை எவ்வளவு நேரம் ஃப்ரீ ராடிக்கலிடமிருந்து காக்கிறது என்று குடுவையில் அளந்து எண் தந்தது. அமெரிக்க வேளாண் துறை 2010இல் 326 உணவுகளுக்கு இந்த எண்ணைப் பட்டியலிட்டது. 100 கிராம் கணக்கில் கிராம்பு முன்வரிசையில் நின்றது. நூறு கிராம் கிராம்பை யார் தின்பார் என்று கேட்க ஆளில்லை. 2012இல் துறையே பட்டியலைத் திரும்பப் பெற்றது. இந்த எண்களுக்கும் உடல்நலத்துக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை, நிறுவனங்கள் விளம்பரத்துக்குத் தவறாகப் பயன்படுத்துகின்றன என்று காரணமும் சொன்னது.

இந்தக் குழப்பத்தை மிகத் துல்லியமாக உடைத்த சோதனை, பாலிங்கின் பெயர் தாங்கிய ஒரெகன் ஆய்வு நிறுவனத்திலேயே நடந்தது விந்தை. லோட்டிட்டோவும் ஃப்ரையும் ஆறு பேருக்கு ஐந்தைந்து ஆப்பிள் கொடுத்து இரத்தத்தைச் சோதித்தார்கள். தடுப்பு ஆற்றல் ஏறியது உண்மை. ஆனால் அதை ஏற்றியவை ஆப்பிளில் உள்ள ஃபிளவனாய்டு வகை ஃபீனால்கள் அல்ல. பழச்சர்க்கரை செரிக்கும்போது உடலே உண்டாக்கும் யூரிக் அமிலம்தான் காரணம். மூட்டுவாதக்காரர் அஞ்சும் அதே யூரிக் அமிலம். குடலில் ஃபிளவனாய்டு உறிஞ்சப்படுவது சிறிது, அதையும் கல்லீரல் உருமாற்றிச் சிறுநீரில் தள்ளிவிடுகிறது. மஞ்சளுக்கும் இதே நிலை. 1998இல் பெங்களூரில் மஞ்சளின் குர்க்குமினை இரண்டு கிராம் விழுங்கியவர்களின் இரத்தத்தில் அது ஏறத்தாழ அகப்படவே இல்லை. மிளகின் பைப்பரின் 20 மி.கி. சேர்த்ததும் இருபது மடங்கு கூடியது என்பது புகழ்பெற்ற செய்தி. இருபது மடங்கு என்பது எதன் இருபது மடங்கு என்று விளம்பரம் சொல்வதில்லை.

அப்படியானால் தாவர உணவு எப்படி நன்மை செய்கிறது? சுவையான ஒரு விடை பிராக்கோலியிலிருந்து வந்தது. 1992இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பால் தலாலே குழு பிரித்த சல்ஃபோரஃபேன் தானாக எதையும் தடுப்பதில்லை. சொல்லப்போனால் உயிரணுவுக்கு அது ஒரு சிறு தொல்லை. அந்தத் தொல்லை என்.ஆர்.எஃப்.2 என்ற புரதத்தை எழுப்ப, உயிரணு தன் காப்பு நொதிகளைத் தானே பெருக்கிக்கொள்கிறது. கடுகு, முள்ளங்கி, முட்டைக்கோஸ் ஆகியவற்றின் காரம் இதே வேதிக் குடும்பத்தது. முருங்கையிலும் உறவுப் பொருள் உண்டு. உடற்பயிற்சியும் இப்படித்தான் வேலை செய்கிறது போலும். 2009இல் ஜெர்மனியில் மிகேல் ரிஸ்டோ குழு, பயிற்சி செய்யும் இளைஞர்களுக்கு வைட்டமின் சியும் ஈயும் மிகுந்த அளவில் தந்தபோது, பயிற்சியால் கிடைக்க வேண்டிய இன்சுலின் நலன் மறைந்துபோனது. தொல்லையை முழுக்கத் துடைத்தால் பாடமும் போய்விடுகிறது.

மாத்திரை எங்குமே வெல்லவில்லை என்று சொல்வதும் நேர்மையாகாது. முதியோரின் விழித்திரை மையம் தேயும் நோயில், தடுப்பிகளும் துத்தநாகமும் கலந்த மருந்து, நோய் முற்றும் வாய்ப்பை ஏறத்தாழ கால் பங்கு குறைப்பதை 2001இல் அமெரிக்கக் கண் ஆய்வு காட்டியது. புகைப்பாளரை எண்ணி, அந்தக் கலவையின் பீட்டா கரோட்டினுக்கு மாற்றாகக் கீரைகளில் உள்ள லூட்டீனையும் ஸியாஸாந்தினையும் 2013இல் பரிந்துரைத்தார்கள். இவ்விரண்டும் விழித்திரை மையத்திலேயே சேர்ந்து தங்குபவை. இடமும் வேலையும் குறிப்பிட்டுச் சொல்லக்கூடியவை. லூட்டீன் இன்று பெருமளவு செண்டுமல்லி இதழிலிருந்து எடுக்கப்படுகிறது. அதற்காகவே ஒப்பந்த முறையில் பூ வளர்க்கும் உழவர்கள் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் இருக்கிறார்கள்.

நெல்லிக்குத் திரும்புவோம். பழைய இந்திய உணவுச் சத்து அட்டவணை நூறு கிராம் நெல்லிக்கு 600 மி.கி. வைட்டமின் சி என்றது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணையில் அது 252 மி.கி. ரகமும் முதிர்ச்சியும் மாறுபட்டிருக்கலாம். அளக்கும் முறைக்கும் பங்கு உண்டு. பழைய சாய முறையில் சாயத்தை நிறமிழக்கச் செய்யும் எந்தப் பொருளும் வைட்டமின் சி என்றே கணக்கில் ஏறும். நெல்லியில் அப்படிப்பட்ட டானின்கள் நிறைய. தாமோதரனும் நாயரும் வைட்டமினின் காவலாள் என்று அடையாளம் காட்டிய டானின் வகையே சாயத்தின் கண்ணுக்கு வைட்டமினாகத் தெரிந்திருக்கலாம். 252 என்றாலும் ஆரஞ்சைவிட நான்கைந்து மடங்கு. சமையல் குறிப்புகளில் மட்டும் 600 இன்னும் இறங்கவில்லை.