ஜெட் எஞ்சின் பிளேடு முறிவு

ஜெட் எஞ்சினின் விசிறி, காற்றை நெருக்கும் கம்பிரசர், எரிவளியால் சுழலும் டர்பைன் ஆகியவற்றின் பிளேடுகளில் ஒன்று ஓட்டத்தின் நடுவே உடைந்து தெறிப்பது பிளேடு முறிவு எனப்படும். விமானம் எழும்பி இறங்கும் ஒவ்வொரு சுற்றிலும் பளு ஏறி இறங்குவதால் உலோகத்தில் மெல்ல வளரும் மயிரிழை வெடிப்பே பழைய எஞ்சின்களில் இதற்கு முதன்மைக் காரணமாகும். இது உலோகச் சோர்வு என்று பெயர் பெறும்.

2018 ஏப்ரல் 17 அன்று அமெரிக்காவில் சவுத்வெஸ்ட் நிறுவனத்தின் போயிங் 737-700 விமானத்தில், சி.எஃப்.எம். 56-7பி எஞ்சினின் 24 விசிறி பிளேடுகளுள் 32,636 சுற்றுகளைக் கடந்த ஒன்று அடியோடு முறிந்தது. எஞ்சின் மூடியின் துண்டு மோதி ஜன்னல் உடைந்ததில் பயணி ஒருவர் உயிரிழந்தார். வெடிப்பு, பிளேடு வட்டில் பொருந்தும் அடிப்பகுதியில் இருந்தது; 2012ஆம் ஆண்டுப் பழுதுபார்ப்பில் செய்யப்பட்ட சாயச் சோதனைக்கு அது அகப்படவில்லை. நுண்குழாய்க் கேமராவான போரோஸ்கோப்பை உள்ளே செலுத்தி, சுழலியைக் கையால் மெல்லத் திருப்பி உட்புற பிளேடுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும் மெக்கானிக்கின் கண்ணுக்கும் இத்தகைய அடிப்பகுதி எட்டாது. விசிறி பிளேடைக் கழற்றி, மீயொலியாலோ சுழல் மின்னோட்டத்தாலோ சோதிப்பதே நம்பத்தக்க வழி.

முறிவு பழைய எஞ்சின்களுக்கு மட்டும் உரியதன்று. இந்தியாவில் 2019 நவம்பர் 1 அன்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம், புதிய வகை எஞ்சின்களில் பிளேடுகள் முறிந்ததால், இண்டிகோ நிறுவனத்தின் 97 ஏ320 நியோ விமானங்களில் குறையழுத்த டர்பைனின் மூன்றாம் அடுக்கு பிளேடுகள் திருத்தப்பட்ட எஞ்சின்களைப் பொருத்துமாறு ஆணையிட்டது. முதலில் 2020 ஜனவரி 31 எனக் குறிக்கப்பட்ட கெடு பின்னர் நீட்டிக்கப்பட்டது.

கடற்கரையில் வேறொரு பகை சேர்கிறது. காற்றில் வரும் உப்பிலுள்ள சோடியமும் எரிபொருளின் கந்தகமும் கூடி உண்டாகும் சோடியம் சல்பேட், சூடான டர்பைன் பிளேடில் உருகிப் படிந்து அதன் காப்புப் படலத்தை அரிக்கிறது. இது வெப்ப அரிமானம் எனப்படும். பறக்கும் மணலோ கம்பிரசர் பிளேடுகளின் விளிம்பைத் தேய்க்கிறது. உப்பளங்கள் நிறைந்த தூத்துக்குடியையும், சாத்தான்குளத்துக்குக் கிழக்கே தென்மேற்குப் பருவக் காற்றில் செம்மணல் எழும் தேரிக்காட்டையும் கொண்ட தூத்துக்குடி மாவட்டத்தில் இரண்டும் உண்டு. அம்மாவட்டத்தின் வாகைக்குளம் விமான நிலையத்தின் 1,350 மீட்டர் ஓடுபாதையில் நெடுங்காலம் ஏ.டி.ஆர். போன்ற சிறு விமானங்களே இறங்கிவந்தன. அது 3,115 மீட்டராக நீட்டப்பட்டு, 2025 ஜூலையில் புதிய முனையமும் திறக்கப்பட்டபின் பெரிய ஜெட் விமானங்களுக்கும் இடமுண்டு. இத்தகைய இடத்திலிருந்து தொடர்ந்து இயங்கும் எஞ்சின்களின் கம்பிரசரைக் கனிமம் நீக்கிய நீரால் கழுவும் இடைவெளியை, உள்நாட்டு வறண்ட நிலையங்களுக்கு உள்ளதைவிடக் குறைத்து வைப்பது அவசியமாகும்.