வடக்கன்குளத்துப் பள்ளிக்கூடம்

கத்தோலிக்கப் பள்ளிகளின் வரலாறு என்றதும் திருச்சி, பாளையங்கோட்டை, யாழ்ப்பாணம் என்று பெரிய பெயர்களே நம் நினைவுக்கு வருகின்றன. நெல்லைச் சீமையின் தென்கோடியில், பணகுடிக்கு அருகே உள்ள வடக்கன்குளம் புனித தெரேசா உயர்நிலைப்பள்ளியை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. தமிழாய்வின் போக்கை மாற்றிய ஒரு கல்வி அங்கேதான் நிகழ்ந்தது.

ஊரே வரலாறு கண்ட ஊர். திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர் நீலகண்ட பிள்ளை 1745இல் இங்கு ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அதே ஊர்க் கோயில்தான் வேளாளரும் நாடாரும் தனித்தனியே அமர இரண்டு கிளைகளாகக் கட்டப்பட்டது. 1910இல் காசானல் பாதிரியார் தடுப்பை அகற்றினார். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. பிரிவினை வேண்டியவர்கள் தோற்றனர்.

அவ்வூர்ப் பள்ளிக்கு 1940இல் துணைத் தலைமையாசிரியராக வந்தார் ஓர் இளங்குரு. யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் ஆங்கிலவழி பயின்றவர்; உரோமையில் இறையியல் கற்றவர். இலத்தீனும் இத்தாலியமும் அறிந்த அவருக்குத் தாய்மொழியின் பழைய இலக்கியம் அயலாகவே இருந்தது. பள்ளியில் பணியாற்றிய ஆண்டுகளில் பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் அவர் மாணவராக அமர்ந்து தமிழ் கற்றார். 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலை பயிலச் சென்றார்.

அவர்தாம் தனிநாயகம் அடிகள். 1952இல் 'தமிழ்க் கல்ச்சர்' ஆங்கில இதழைத் தொடங்கினார். அந்தாம் தெ புரோயென்சாவின் 1679ஆம் ஆண்டுத் தமிழ்–போர்த்துகீசிய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டு வெளிக்கொணர்ந்தார். 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றார். 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு கூடியது.

இவற்றை எழுதும் நூல்களில் வடக்கன்குளம் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது. அது நீதியன்று என்பதே நம் கருத்து. தமிழை உலகெங்கும் கொண்டுசென்றவர் முதலில் ஒரு சிற்றூர்ப் பண்டிதரிடம் அரிச்சுவடி நிலையிலிருந்து தொடங்கக் கூசவில்லை. கத்தோலிக்கக் குருவுக்குத் தமிழ் சொல்லித்தர ஐயரும் தயங்கவில்லை. கோயிலுக்குள்ளேயே சாதி தடுப்பு எழுப்பிய ஊரில், அது அகன்று முப்பது ஆண்டுகளே ஆகியிருந்த காலத்தில், இது நிகழ்ந்தது. ஒரு பள்ளியின் வரலாற்றைத் தேர்ச்சி விழுக்காட்டாலும் கட்டடங்களாலும் அளப்பது நம் வழக்கம். அங்கே ஆசிரியரே மாணவரான கதையையும் அதில் சேர்த்து எழுதவேண்டும்.