மலைப்பாதை மிதிவண்டி ஓட்டுவோருக்குச் சாலைப் பயிற்சி உதவுமா?

மலைப்பாதைகளில் மிதிவண்டி ஓட்டும் பழக்கமுடையோர், உடற்தகுதியையும் ஓட்டும் நுட்பத்தையும் மேம்படுத்திக்கொள்ளச் சாலையிலும் ஓட்டலாமா என்று கேட்பதுண்டு. சாலைப் பயிற்சி உடற்தகுதிக்குப் பெரிதும் உதவும். நுட்பத்திற்கு ஓரளவே உதவும். அதனால் உடலுக்கு வரும் புதிய சுமைகளை அறிந்து தொடங்குதல் நன்று.

உடற்தகுதி

மலைப்பாதையில் உழைப்பு சீராக இருப்பதில்லை. செங்குத்தான ஏற்றத்தில் மூச்சிரைக்க மிதித்து, இறக்கத்தில் மிதிக்காமலே உருண்டு, வேர்களும் பாறைகளும் நிறைந்த இடத்தில் வேகம் குறைத்து, மீண்டும் முழு வலிமையுடன் மிதிக்க நேரிடுகிறது. இறக்கத்தில் கால்கள் ஓய்ந்திருந்தாலும் கைகளும் தோள்களும் இறுகிப் பிடித்திருப்பதால் இதயத்துடிப்பு எதிர்பார்க்கும் அளவிற்குத் தணிவதில்லை. எவ்வளவு உழைப்பது என்பதைப் பாதையே தீர்மானிக்கிறது. சாலையில் அதனை ஓட்டுபவரே தீர்மானிக்கலாம்.

மிதமான வேகத்தில் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் இடைவிடாது மிதிக்கும் பயிற்சியைத் தொடர்ந்து மேற்கொண்டால், ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியேற்றும் இரத்தத்தின் அளவு அதிகரிக்கிறது. கால் தசைகளில் இரத்த நுண்குழாய்களும், ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களும் பெருகுகின்றன. இவ்வடித்தளம் உள்ளவர், ஏற்றத்தில் ஒரு கடும் முயற்சிக்குப் பின் விரைவில் மூச்சு சீராகி, அடுத்த முயற்சிக்கு ஆயத்தமாகிறார்.

மிதமான வேகம் என்பதை அறியக் கருவி எதுவும் தேவையில்லை. ஓட்டும்போது முழு வாக்கியங்களாகப் பேச முடிய வேண்டும். பாட முடியாதிருக்க வேண்டும். சாலைக்கு வரும் மலைப்பாதை ஓட்டிகள் பலரும் ஒவ்வொரு நாளையும் போட்டியாக்கிவிடுகின்றனர். கடும் முயற்சி அவர்களுக்கு மலையிலேயே போதிய அளவு கிடைத்துவிடுகிறது. சாலையில் அவர்கள் தேட வேண்டியது நிதானத்தையே. உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல், வயதுவந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பை மேற்கொள்ள வேண்டும் எனக் கூறுகிறது. வாரம் இருமுறை சாலையில் ஓட்டினாலே இக்குறைந்தபட்ச அளவை எட்டிவிடலாம்.

இவ்விரு விளையாட்டுகளுக்கும் அடிப்படையான உடற்திறன் பொதுவானது என்பதற்குச் சான்றுகள் உண்டு. ஆஸ்திரேலியாவின் கேடல் எவன்ஸ் 1998, 1999ஆம் ஆண்டுகளில் மலைப்பாதை உலகக் கோப்பையை வென்று, பின்னர் சாலைப் பந்தயத்திற்கு மாறி, 2011இல் டூர் டி பிரான்ஸ் போட்டியில் வெற்றி பெற்றார். ஆயினும் தொழில்முறை வீரர்களின் பயிற்சி அளவைப் பொதுமக்கள் பின்பற்ற முயலுதல் கூடாது.

நுட்பம்

சாலையில் கற்கக்கூடியவை: பெடலைச் சீராகச் சுழற்றுதல், வளைவுக்கு முன்பே பிரேக்கைப் பிடித்து வேகத்தைக் குறைத்தல், வளைவின் முடிவை நோக்கிப் பார்வையைச் செலுத்துதல், நீண்ட தொலைவுக்கு ஆற்றலைப் பகிர்ந்து செலவிடுதல். கடினமான கியரில் மெதுவாக மிதித்துப் பழகியவர்கள், இலகுவான கியரில் நிமிடத்திற்கு 80 முதல் 90 சுற்றுகள் வரை மிதித்துப் பழகினால் முழங்காலின் மீதான அழுத்தம் குறையும்.

முன்சக்கரத்தைத் தூக்கித் தடையைக் கடத்தல், தளர்ந்த மண்ணில் சமநிலை காத்தல், வண்டி ஒருபுறம் சாய உடலை மறுபுறம் நிறுத்துதல் ஆகியவற்றைச் சாலை கற்றுத்தராது. ஆகவே வாரத்தில் ஒரு நாளேனும் மலைப்பாதைக்கு ஒதுக்குதல் வேண்டும்.

தொடக்கத்திலேயே புதிய சாலை மிதிவண்டி வாங்க வேண்டியதில்லை. உள்ள வண்டியிலேயே வழவழப்பான டயர்களைப் பொருத்தி, சஸ்பென்ஷனைப் பூட்டும் வசதியிருப்பின் பூட்டிக்கொண்டால் சில மாதங்களுக்குப் போதுமானது.

உடல் அமர்வும் வலிகளும்

சாலை மிதிவண்டியில் உடல் முன்னோக்கி வளைந்து, நெடுநேரம் ஒரே நிலையில் இருக்கும். மலைப்பாதையில் அடிக்கடி எழுந்து நிற்பவருக்கு இது புதிய சுமை. முழங்காலின் முன்புற வலிக்கு இருக்கை தாழ்ந்திருப்பதும், பின்புற வலிக்கு அது உயர்ந்திருப்பதும் காரணமாக இருக்கலாம். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் ஏறத்தாழ 25 முதல் 35 பாகை மடிந்திருத்தல் சரியான அளவு. வலி மாத்திரை கேட்டு வருவோரில் சிலருக்கு, இருக்கையைச் சிறிதளவு உயர்த்துவதே சிகிச்சையாக அமைந்துவிடுகிறது.

மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் மரமரப்பு ஏற்பட்டால், உள்ளங்கையில் அல்நார் நரம்பு அழுந்துகிறது என்று பொருள். கைப்பிடியில் கைகளின் இடத்தை அடிக்கடி மாற்ற வேண்டும். பிறப்புறுப்புப் பகுதியில் மரமரப்பு உண்டானால் அதைப் பொறுத்துக்கொண்டு ஓட்டுதல் கூடாது. இருக்கையின் சாய்வையும் அகலத்தையும் மாற்ற வேண்டும். மாற்றிய பின்னும் நீடித்தால் மருத்துவரைக் காண வேண்டும்.

பலரும் கவனியாத செய்தி ஒன்றுண்டு. மிதிவண்டி ஓட்டும்போது உடல் எடையை இருக்கை தாங்குவதால் எலும்புகளுக்குப் போதிய தூண்டுதல் கிடைப்பதில்லை. நெடுங்காலம் சாலையில் மட்டுமே ஓட்டுவோருக்கு முதுகெலும்பின் அடர்த்தி குறைந்திருப்பது ஆய்வுகளில் காணப்பட்டுள்ளது. அதிர்வுகள் மிகுந்த மலைப்பாதையில் ஓட்டுவோரிடம் இக்குறைபாடு குறைவு. சாலைப் பயிற்சியைக் கூட்டுவோர் வாரம் இருமுறை எடை தூக்கும் பயிற்சி செய்தல் அவசியம்.

பாதுகாப்பு

மலையில் விழுவது பெரும்பாலும் தம் பிழையால்; சாலையில் பிறர் பிழையும் சேர்கிறது. தலைக்கவசமும், விடியற்காலையிலும் அந்தியிலும் முன்-பின் விளக்குகளும் கட்டாயம். ஒருமுறை பலமாக மோதிய தலைக்கவசம், வெளியில் விரிசல் தெரியாவிடினும் மாற்றப்பட வேண்டும். தலையில் அடிபட்டபின் தலைசுற்றல், வாந்தி, குழப்பம் இருப்பின் மீண்டும் வண்டியில் ஏறாமல் 108ஐ அழைக்கவும்.

இன்சுலின் போடும் நீரிழிவு நோயாளிகளுக்கு, நீண்ட நேரம் ஓட்டிய நாளின் இரவிலும் சர்க்கரை தாழக்கூடும். இனிப்பு ஏதேனும் உடன் வைத்திருப்பதோடு, மருந்தளவு குறித்து முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். ஓட்டும்போது நெஞ்சுவலி, மயக்கம், காரணமற்ற படபடப்பு ஏற்பட்டோரும், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நிகழ்ந்தோரும் இதயப் பரிசோதனைக்குப் பின்னரே பயிற்சியைத் தொடர வேண்டும்.