அறுந்த நாரும் ஆறிய காலும்

விளையாட்டிலோ விபத்திலோ முழங்கால் முறுக்கிக்கொண்டால், “ஜவ்வு கிழிந்துவிட்டது” என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். தொடையெலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் இரண்டு வலிய நார்கள், மூட்டின் நடுவே ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்கின்றன. அவற்றுள் முன்நார் அறுந்தால் கீழ்க்கால் முன்னே நழுவும். சட்டென்று திரும்புகையில் கால் கைவிட்டுவிடும்.

1895-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், சுரங்கத்தில் அடிபட்ட 41 வயதுத் தொழிலாளி ஒருவருக்கு இரு நார்களுமே அறுந்திருந்தன. கால் போனால் பிழைப்பும் போயிற்று. மேயோ ராப்சன் என்னும் மருத்துவர் மூட்டைத் திறந்து, அவற்றைக் குடல்நூலால் தைத்தார். ஆறாண்டுகளுக்குப் பின் அம்மனிதர் நொண்டாமல் நடந்தார், வேலையும் செய்துவந்தார்.

இந்த அரிய வெற்றி பின்வந்தோருக்குச் சற்று மிகையான நம்பிக்கையை ஊட்டிவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. மூட்டு நீரில் மிதக்கும் அறுமுனைகளுக்கிடையே குருதி உறைந்து நிற்பதில்லை. ஆகவே அவை எளிதில் கூடுவதில்லை. வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியில் இவ்வாறு தைக்கப்பட்டவர்களை ஐந்தாண்டு கழித்துச் சோதித்தபோது, பெரும்பாலோரின் மூட்டு உறுதியற்றிருந்தது. அம்முடிவு வெளியானது 1976-இல்.

ஆனால், 1917-லேயே பிரிஸ்டல் நகரத்து ஹே குரோவ்ஸ் வேறு வழி கண்டிருந்தார். பழைய நாரை ஒட்டவைக்க முயலாமல், தொடையின் வெளிப்புறத்து உறையிலிருந்து ஒரு பட்டையை எடுத்து, எலும்புகளில் துளையிட்டு, அதனுள் செலுத்திப் புதிய நாராக்கினார். இன்று நாண் வேறிடத்திலிருந்து எடுக்கப்படலாம். சிறு துளை வழியே குழாய்க்கருவி கொண்டு பார்த்தும் செய்யலாம். அடிப்படை அவருடையதே.

எஞ்சியது தேறும் காலம். முன்பெல்லாம் வாரக்கணக்கில் மாவுக்கட்டுப் போட்டனர். மூட்டு இறுகியது, தொடை மெலிந்தது. அமெரிக்க மருத்துவர் ஷெல்போர்ன் ஒரு வேடிக்கையைக் கவனித்தார். சொற்கேளாமல் முன்கூட்டியே காலை நீட்டி நடந்த நோயாளிகளே நன்றாகத் தேறினர்! 1990-இல் அவரும் நிட்ஸ் என்பவரும் விரைவுப் பயிற்சி முறையை வெளியிட்டனர்.

ஆயினும் நடப்பது வேறு, பந்தாடுவது வேறு. பொருத்திய நாண் முதலில் வலுவிழந்து, பிறகு குருதிநாளங்கள் புகுந்தபின்னரே மெல்ல நாராக மாறுகிறது. வலியோ அதற்கு வெகு முன்பே நீங்கிவிடும். ஒன்பது மாதம் வரை ஆட்டத்தைத் தள்ளிவைத்த ஒவ்வொரு மாதத்திற்கும் மறுகாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததென 2016-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மூன்றாம் மாதமே ‘குணமாகிவிட்டது’ என்று களமிறங்க விரும்பும் இளைஞரிடம் மருத்துவர்கள் கெஞ்சுவது இதற்காகத்தான்.