காலம், இடம், தோழமை: நம் பாட்டுப் பட்டியலின் வரலாறு

கோடை விடுமுறை தொடங்கியதும் கோவையின் பல இல்லங்களில் பிள்ளைகள் கைப்பேசியில் புதிய பாட்டுப் பட்டியல் ஒன்றைத் தொகுக்கத் தொடங்குகிறார்கள். நாகூர் ஹனீபாவின் பாடலை அடுத்து அரபு நஷீத், அதனை அடுத்து உருது நஅத், பின்னர்த் திரைப்பாடல் என்று அது நீளும். அதற்கு அவர்கள் வழங்கும் 'பிளேலிஸ்ட்' என்னும் பெயர் புதியது. எதைக் கேட்பது, எந்த வரிசையில் கேட்பது, யாருடன் கேட்பது என்னும் வினாக்களோ நம் சமுதாயத்தில் மிகப் பழையவை.

பக்தாதில் வாழ்ந்து கி.பி. 910இல் மறைந்த ஜுனைதுல் பக்தாதி (ரஹ்) அவர்கள், பாட்டைச் செவிமடுப்போர்க்கு மூன்று பொருந்தி வரவேண்டும் என்றார்கள்: காலம், இடம், தோழர்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் (1058–1111) தமது 'இஹ்யா உலூமித்தீன்' நூலின் நாற்பது பகுதிகளுள் ஒன்றைச் செவிமடுத்தலின் ஒழுக்கங்களுக்கே ஒதுக்கி, அங்கு இக்கருத்தை எடுத்து விளக்குகிறார்கள். உணவு முன்னே வந்துவிட்ட வேளையும், தொழுகை நேரமும், சச்சரவு நிகழும் பொழுதும் பாட்டுக்கு உரியவை அல்ல. ஆள் நடமாட்டம் மிகுந்த தெரு அதற்கேற்ற இடம் அன்று. மனம் ஒவ்வாதவர் நடுவே கேட்பதில் பயனில்லை.

இசையைப் பற்றி மார்க்க அறிஞர்களிடையே ஒரே கருத்து இருந்ததில்லை என்பதையும் இங்கே கூறவேண்டும். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களே தஃப் போன்றவற்றை ஏற்று, மதுக்கூடங்களோடு பிணைந்திருந்த நரம்புக் கருவிகளையும் குழற்கருவிகளையும் விலக்கினார்கள். இப்னுல் ஜவ்ஸி (ரஹ்) அவர்கள் 'தல்பீஸு இப்லீஸ்' நூலில் இன்னும் கடுமையாகக் கண்டித்தார்கள். பெருநாள் ஒன்றில் ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் இரு சிறுமியர் பாடியதையும், அபூபக்ர் (ரலி) அவர்கள் கடிந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அச்சிறுமியரை விட்டுவிடுமாறு கூறியதையும் ஸஹீஹுல் புகாரி பதிவுசெய்கிறது. இந்நிகழ்வை நோக்கினால், ஜுனைத் (ரஹ்) அவர்கள் பின்னாளில் சொன்ன மூன்றும் அங்கே அமைந்திருக்கக் காணலாம்: பெருநாள் என்னும் காலம், இல்லம் என்னும் இடம், அறிந்தவர் என்னும் தோழமை. சட்ட முடிவை அவரவர் தம் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளட்டும். இக்கட்டுரை வரலாற்றை மட்டும் நோக்குகிறது.

நம் முன்னோரின் பாட்டுக்கு இருந்த காலம் பிறையைச் சார்ந்தது. ரபீஉல் அவ்வலில் நபி புகழ், ரபீஉல் ஆகிரில் முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்களின் புகழ், ரமலானில் ஸஹர் வேளைப் பாட்டு என அது அமைந்தது. மௌலித் மஜ்லிஸ் பற்றி இன்று நம்மிடையே இருவேறு கருத்துகள் உண்டு. ஆயினும் தமிழ் முஸ்லிம்களின் செவி பழகியதில் அதற்குப் பெரும் பங்கு இருந்தது என்பது வரலாறு. ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள்கள் குறைந்தது. எனவே இம்மாதங்கள் ஏறக்குறைய 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடும். 2018இலும் 2019இலும் ரமலான் மே மாதத்தில் வந்தது. அவ்வாண்டுகளில் கோடைப் பாட்டும் ஸஹர் பாட்டும் ஒன்றாயின. 'கோடைக்கான பாட்டு' என்னும் எண்ணமே பள்ளி விடுமுறையோடு வந்த புதுமை எனலாம்.

இடமும் தோழமையும் அவ்வாறே அமைந்திருந்தன. முழுமையாகக் கிடைக்கும் தமிழ் இஸ்லாமிய இலக்கியங்களுள் மிகப் பழையதாகிய வண்ணப்பரிமளப் புலவரின் 'ஆயிர மசலா' 1572இல் மதுரையில் அரங்கேறியது. வினாவும் விடையுமாக அமைந்த அந்நூல் அவையினரை முன்னிறுத்திப் பாடப்பட்டது. உமறுப் புலவரின் 'சீறாப்புராணம்' மூன்று காண்டங்களும் 92 படலங்களும் 5,027 பாடல்களும் கொண்டது. அதனை ஒரே அமர்வில் கேட்டு முடிக்க இயலாது. செய்குத் தம்பிப் பாவலர் (1874–1950) போன்றோர் அதற்கு விரிவுரை நிகழ்த்தியபோது, கேட்போர் கூடியமர்ந்து, அறிந்தவர் பொருள் சொல்ல, பொறுமையோடு செவிசாய்த்தனர். மசலா, நாமா, கிஸ்ஸா, படைப்போர், முனாஜாத்து என நம் புலவர்கள் தமிழுக்குத் தந்த இலக்கிய வகைகள் பலவும் வாய்விட்டுப் படிக்கவும் பிறர் கூடிக் கேட்கவும் இயற்றப்பட்டவை.

கொங்கு மண்ணுக்கு இதில் தனித்த நிறமுண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று மட்டும் வரவில்லை. மக்களும் மொழியும் பாட்டும் வந்தன. கோவையில் தமிழ் பேசும் ராவுத்தர் குடும்பங்களும், தக்கனி உருது பேசுவோரும், மலையாள வழி மாப்பிள்ளைக் குடும்பங்களும் அண்டையராக வாழ்கிறார்கள். காழி முஹம்மது அவர்கள் 1607இல் அரபு மலையாளத்தில் இயற்றிய 'முஹ்யித்தீன் மாலை'யும், மோயின்குட்டி வைத்தியர் 1872இல் படைத்த காதற் காவியமும் ஒரு வீட்டின் மரபு. குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) அவர்களின் ஞானப் பாடல்கள் அடுத்த வீட்டின் மரபு. உருது நஅத் அதற்கடுத்த வீட்டின் மரபு. ஆகவே கோவைப் பிள்ளையின் கைப்பேசியில் மூன்று மொழிகள் கலந்து ஒலிப்பது வியப்பன்று. அது இவ்வூரின் இயல்பே.

இந்த ஒழுங்கை முதலில் மாற்றியது இசைத்தட்டு. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். இரவெல்லாம் நீளக்கூடிய கிஸ்ஸாவுக்கு அதில் இடமில்லை. பல்லவியும் இரண்டு மூன்று சரணங்களும் கொண்ட சிறு பாட்டுக்கே இடமிருந்தது. குரல், ஊரையும் அவையையும் விட்டுப் பிரிந்தது. தம் பெயரிலேயே இவ்வூரைத் தாங்கிய கோயம்புத்தூர் தாயி என்னும் பாடகியின் தட்டைக் கேட்ட பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரிஸ் டெலாஜ், தமது 'ராகமாலிகா' என்னும் ஆக்கத்துக்கு அதனையே அடிப்படையாகக் கொண்டார். குரல் கடல் கடந்தது. பாடியவரும் கேட்டவரும் ஒருவரையொருவர் காணவேண்டிய தேவை நீங்கியது.

அத்தட்டிலும் பின்னர் ஒலிநாடாவிலும் நம் இல்லங்களுக்கு வந்த பெருங்குரல் நாகூர் இ.எம். ஹனீபா (1925–2015). ஒலிபெருக்கி இல்லாமலே பெருங்கூட்டத்தை எட்டக்கூடிய உச்சக் குரல் அவருடையது. கட்சி மேடையிலும், கந்தூரியிலும், 1961இல் வெளிவந்த 'பாவமன்னிப்பு' திரைப்படத்திலும் அது ஒலித்தது. 'இறைவனிடம் கையேந்துங்கள்' என்னும் பாடல் சமய எல்லைகளைக் கடந்து தமிழர் பலரின் வீடுகளுக்குள் நுழைந்தது.

வானொலி, இழந்ததில் ஒரு பகுதியை மீட்டுத் தந்தது. கோவை வானொலி நிலையம் 1966இல் தொடங்கியது. இலங்கை வானொலியின் முஸ்லிம் நிகழ்ச்சிகளும் தமிழகத்துக்கு எட்டின. நிகழ்ச்சிக்கு நேரம் குறித்திருந்ததால் வீட்டார் அனைவரும் ஒரே பாட்டை ஒரே பொழுதில் கேட்டனர். பட்டியலை வேறொருவர் வகுத்தார். ஆனால் கேட்டவர்கள் கூடியிருந்தனர்.

இன்றைய பட்டியலின் உண்மையான முன்னோடி 1980களின் ஒலிநாடாவே. 60 நிமிட நாடா, பக்கத்துக்கு 30 நிமிடம். விரும்பும் பாட்டுகளைத் தாளில் எழுதிக் கடையில் கொடுத்தால் வெற்று நாடாவில் பதிந்து தருவார்கள். பக்கத்துக்கு ஆறேழு பாட்டுகளே கொள்ளும். ஆதலால் வாப்பாவுக்கு ஒன்று, உம்மாவுக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று என்று பேசி முடிவு செய்யவேண்டியிருந்தது. இடக்குறைவு விட்டுக்கொடுத்தலைக் கற்பித்தது.

கைப்பேசியில் இடத்துக்குக் குறைவில்லை. ஆதலால் விட்டுக்கொடுக்கும் தேவையும் இல்லை. காதுப்பொறி தோழமையை நீக்கியது. எங்கும் எடுத்துச் செல்லும் வசதி இடத்தை நீக்கியது. ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்தது தானே தொடங்கும் ஏற்பாடு காலத்தை நீக்கியது. பாங்கு ஒலிக்கும்போதும் அது நிற்பதில்லை. ஜுனைத் (ரஹ்) அவர்கள் கூறிய மூன்றும் இல்லாமலே நாள் முழுதும் கேட்கக் கூடிய முதல் தலைமுறை நம்முடையது.

இழப்பு இதனோடு முடியவில்லை. நம் பாட்டிமார் தொட்டிலருகே பாடிய தாலாட்டுகள், திருமண வீட்டில் பெண்கள் கூடிப் பாடியவை, தொழுகைக்குப் பின் மெல்லிய குரலில் ஓதிய முனாஜாத்துகள் ஆகியவற்றுள் பெரும்பகுதி எந்தத் தட்டிலும் ஏறவில்லை. கீழக்கரை ஆசியா உம்மா, இளையான்குடி கச்சிப்பிள்ளை அம்மாள் போன்ற பெண் ஞானியரின் பாடல்கள் எழுத்தில் வந்ததால் எஞ்சின. எழுதப்படாதவை பாடியவரோடு கபறுக்குள் சென்றுவிடுகின்றன. எந்தச் செயலியில் தேடினாலும் அவை கிடைக்கமாட்டா.

ஆகவே இக்கோடையில் பட்டியல் தொகுக்கும் பிள்ளைகளைத் தடுக்க வேண்டியதில்லை. அவர்களோடு அமர்ந்தால் போதும். ராதாவுக்கும் நன்னிக்கும் அதில் இடம் கேளுங்கள். அவர்கள் அறிந்த பாட்டு ஒன்றைப் பாடச் சொல்லி, அதே கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். யாரிடம் கற்றார்கள், எந்த ஊரில், எந்தச் சடங்கில் பாடினார்கள் என்பதை ஏட்டில் குறித்து வையுங்கள். பட்டியலை நாடாவைப் போல 60 நிமிடத்துக்குள் அடக்கி, எது இருக்கலாம், எது வேண்டாம் என்று வீட்டாரே கலந்து முடிவு செய்யட்டும். வாரத்தில் ஒரு மாலை, அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே, காதுப்பொறி இன்றி எல்லாரும் கூடிக் கேட்கலாம். பாங்கு சொன்னதும் பாட்டு நிற்கட்டும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கூறப்பட்ட காலமும் இடமும் தோழமையும் நம் கூடத்திலேயே மீண்டும் அமையும்.

வல்ல அல்லாஹ் நம் செவிகளைப் பயனுள்ளதைக் கேட்பவையாகவும், நம் இல்லங்களை மூத்தோர் குரல் மறவாதவையாகவும் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.