இரண்டு சுண்டெலிகளும் ஒரு சிறுமியும்

குண்டான பிள்ளையைப் பார்த்தால் நம்மில் பலருக்கு முதலில் வருகிற கேள்வி, "வீட்ல அப்படி என்னதான் போடறாங்க?" நானும் கேட்டிருக்கேன். லெப்டின் என்ற ஹார்மோனின் வரலாற்றைப் படித்தபிறகு அந்தக் கேள்வி வாயில் வர மாட்டேங்குது. ஏன் என்று குறித்து வைக்கிறேன்.

1949. அமெரிக்காவின் மெய்ன் மாநிலம், ஜாக்சன் ஆய்வகம். அங்கே சில சுண்டெலிகள் ஓயாமல் தின்று, சாதாரண எலியைப்போல மூன்று மடங்கு வரை ஊதிப்போயின. காரணம் ஒரே ஒரு மரபணுக் கோளாறு. 1960களில் அதே ஆய்வகத்தில் இன்னொரு வகை கிடைத்தது. பார்க்க அதே குண்டு, ஆனால் கோளாறு வேறு மரபணுவில்.

அங்கே வேலை பார்த்த டக்ளஸ் கோல்மன் இரண்டு எலிகளின் உடலை ஒட்டித் தைத்து, ரத்தம் கலக்கும்படி செய்தார். கொடூரமான சோதனைதான். இரண்டாம் வகையோடு ஒட்டிய சாதாரண எலி, எதிரே தீனி இருந்தும் தின்னாமல் பட்டினியில் செத்தது. முதல் வகையை இரண்டாம் வகையோடு ஒட்டினாலும் முதல் வகைக்கு அதே கதி. முதல் வகையைச் சாதாரண எலியோடு ஒட்டியபோது மட்டும் அது சாகவில்லை, தின்பதைக் குறைத்துக்கொண்டது. கோல்மன் போட்ட கணக்கு இது: 'போதும்' என்று சொல்லும் ஏதோ ஒன்று ரத்தத்தில் ஓடுகிறது. முதல் வகையால் அதைச் சுரக்க முடியவில்லை. இரண்டாம் வகையிடம் அது நிறைய இருக்கு, கேட்கிற காதுதான் இல்லை.

அது என்னவென்று தெரிய 1994 வரை ஆனது. நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு அந்த மரபணுவைப் பிடித்தது. அதைச் சுரப்பது கொழுப்பு செல்களேதான்! வெறும் சேமிப்புக் கிடங்கு என்று நினைத்த கொழுப்பு, மூளையோடு பேசிக்கொண்டு இருந்திருக்கிறது.

1997-ல் கேம்பிரிட்ஜில் ஸ்டீஃபன் ஓ'ராஹில்லி, சதஃப் ஃபரூக்கி குழு இரண்டு குழந்தைகளைப் பற்றி எழுதியது. ஒரு சிறுமி, 8 வயதில் 86 கிலோ. அவளுடைய உறவுக்காரத் தம்பி, 2 வயதில் 29 கிலோ. பிறந்தப்ப இரண்டு பேருக்கும் சாதாரண எடைதான். ரத்தத்தில் லெப்டின் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. சிறுமிக்குத் தினமும் லெப்டின் ஊசி போட்டார்கள். பசி அடங்கியது. ஓராண்டில் 16.4 கிலோ குறைந்தது, பெரும்பாலும் கொழுப்பு.

இன்னொரு விஷயமும் நடந்தது. பருவமடைதலைத் தொடங்கி வைக்கும் ஹார்மோன்கள் அவளுக்கு இரவில் விட்டுவிட்டுச் சுரக்க ஆரம்பித்தன. அதைவிடச் சின்னக் குழந்தைகளுக்கு அதே ஊசி போட்டபோது அப்படி நடக்கவில்லை. ஆக, லெப்டின் பருவத்தை முடுக்கிவிடுவதில்லை. 'உடம்பில் இருப்பு போதும், இனி போகலாம்' என்று அனுமதி தருகிறது.

இதை எல்லாருக்குமான மருந்து என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்தக் குறைபாடு மிக அரிது. உடல் பருமனான பெரும்பாலான குழந்தைகளுக்கு லெப்டின் அதிகமாகவே இருக்கும். மூளைதான் சரியாகக் கேட்பதில்லை. ஊசி அவர்களுக்குப் பெரிதாக உதவாது. சாப்பாடு, தூக்கம், விளையாட்டு எல்லாமே முக்கியம்தான்.

ஆனாலும் அந்தச் சிறுமியை நினைத்துக்கொள்கிறேன். ஊசிக்கு முன்பு எத்தனை பேர் அவள் தட்டைப் பார்த்திருப்பார்கள், அவள் அம்மாவை ஒரு மாதிரிப் பார்த்திருப்பார்கள்? அவளுடையது பேராசை இல்லை. 'போதும்' என்று சொல்ல உள்ளே ஆள் இல்லை, அவ்வளவுதான்.