டூ-ஸ்ட்ரோக் வண்டிகளில் எரிபொருள் பழுது காணும் முறை: தியாகதுருகம் – கல்வராயன்மலைச் சாலை

ஓடிக்கொண்டிருக்கும் டூ-ஸ்ட்ரோக் (இருவீச்சு) வண்டி நின்றுபோனால், பழுது பெட்ரோல் தொட்டியிலா, கார்பரேட்டரிலா, இன்ஜினுக்குள்ளா என்று பிரித்தறியும் முறை தமிழகச் சாலையோரப் பட்டறைகளில் பல பத்தாண்டுகளாக வளர்ந்த தொழிலறிவு. பாடநூல் வழியாக அல்ல, பெரும்பாலும் பட்டறையில் பார்த்துப் பழகியே இது கைமாறியது. பெட்ரோலின் தன்மையும் வண்டியின் அமைப்பும் அரசின் புகை விதிகளும் மாறியபோதெல்லாம் பழுது ஒளிந்திருக்கும் இடமும் மாறியது. சமவெளியும் மலையும் அடுத்தடுத்து வரும் தியாகதுருகம் – கல்வராயன்மலைச் சாலை இம்முறையைப் புரிந்துகொள்ள நல்ல களம்.

சாலை

தியாகதுருகம் கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே, உளுந்தூர்பேட்டை – சேலம் நெடுஞ்சாலையில் அமைந்த பேரூர். பதினெட்டாம் நூற்றாண்டுப் போர்களில் பேசப்பட்ட மலைக்கோட்டை ஊருக்கு மேலே நிற்கிறது. திருவண்ணாமலையிலிருந்து மணலூர்பேட்டை வழியாக வரும் சாலையும் இங்கே நெடுஞ்சாலையைத் தொடுகிறது. இங்கிருந்து கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம், கோமுகி அணை என்று சென்றால் வெள்ளிமலைக்கு ஏறும் மலைப்பாதை தொடங்கும். கல்வராயன்மலையின் ஊர்கள் பலவும் 2000 முதல் 3000 அடி உயரத்தில் உள்ளவை. ஒரே பயணத்தில் நேரான நெடுஞ்சாலை, வளைந்த ஏற்றம், மெலிந்த காற்று, நீண்ட இறக்கம் என நான்கு நிலைகளையும் வண்டி சந்திக்கிறது. ஒவ்வொரு நிலையும் எரிபொருள் பாதையின் வேறொரு குறையை வெளிக்கொண்டுவரும்.

வண்டிகள் வந்த வழி

கிராங்க் அறையையே காற்றழுத்தியாகப் பயன்படுத்தும் எளிய டூ-ஸ்ட்ரோக் இன்ஜினை இங்கிலாந்தின் பாத் நகரில் ஜோசப் டே 1890களின் தொடக்கத்தில் உருவாக்கினார். வால்வு கிடையாது, தனி ஆயில் தொட்டி கிடையாது. பெட்ரோலோடு கலந்து வரும் ஆயிலே பேரிங்கையும் பிஸ்டனையும் காக்கிறது. இந்த எளிமைதான் அதன் பலம். பெட்ரோல் வருவது குறைந்தால் ஆயிலும் குறையும் என்பது அதன் ஆபத்து. நான்கு வீச்சு வண்டியில் வெறும் திணறலாக முடியும் குறை, இதில் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும் 'சீஸ்' வரை போகும்.

இந்தியாவில் 1960களில் மைசூரின் ஐடியல் ஜாவா, எஸ்கார்ட்ஸின் ராஜ்தூத் ஆகியவை இவ்வகை மோட்டார் சைக்கிளைப் பரவலாக்கின. தமிழ்நாட்டு ஊர்ப்புறத்தில் உண்மையான மாற்றம் 1980இல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50 மொபெட்டால் நிகழ்ந்தது. 1984இல் அதே ஊரிலிருந்து இண்ட்-சுசுகி ஏ.எக்ஸ். 100, 1985இல் எஸ்கார்ட்ஸ் வழியாக யமஹா ஆர்.எக்ஸ். 100 வந்தன. பந்தயத்துக்கென்றே செய்த டூ-ஸ்ட்ரோக் 'டர்ட் பைக்' அக்காலத்தில் இங்கே கடையில் எளிதாகக் கிடைக்கும் பொருளாக இருக்கவில்லை. மண்பாதைப் பந்தயங்களிலும் மலைப்பாதைகளிலும் ஓடியவை பெரும்பாலும் ஷாக் அப்சார்பரும் சைலன்சரும் டயரும் மாற்றப்பட்ட இதே சாலை வண்டிகள்தாம். சைலன்சரையோ ஏர் ஃபில்டரையோ மாற்றிவிட்டு ஜெட்டை மாற்றாமல் விடுவது அன்று முதல் இன்று வரை வண்டி நின்றுபோவதற்கு ஒரு பெரிய காரணம்.

பழுதின் இடம்

நின்ற வண்டியில் முதலில் செய்வது கார்பரேட்டரைக் கழற்றுவதல்ல, பிளக்கைக் கழற்றுவது. நின்ற கணத்திலேயே பார்க்க வேண்டும். பிளக் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது. தீப்பொறி இல்லை, அல்லது பெட்ரோல் அளவுக்கு மேல் வழிகிறது. உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. சூடானால் நின்று, ஆறினால் ஓடும் வண்டியின் கார்பரேட்டரை மூன்று முறை கழுவிவிட்டுப் பிறகு காயிலோ கண்டன்சரோ பழுது என்று கண்டுபிடித்த கதை டூ-ஸ்ட்ரோக் வைத்திருந்தவர்கள் பலரிடம் உண்டு. பிளக்கை முதலில் பார்த்திருந்தால் அந்த அலைச்சல் இருந்திருக்காது.

பெட்ரோல் வரவில்லை என்று தெரிந்த பின் எந்த நேரத்தில் நிற்கிறது என்பதே வழிகாட்டி. நெடுஞ்சாலையில் பத்து நிமிடம் நன்றாக ஓடி, மெல்ல வேகம் குறைந்து நின்று, சிறிது நேரம் விட்டால் மீண்டும் ஓடினால் தொட்டி மூடியின் காற்றுத் துளையைச் சந்தேகிக்க வேண்டும். துளை அடைத்தால் தொட்டிக்குள் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோலை இறங்கவிடாது. மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்ற ஒலியும், உடனே கிளம்பும் வண்டியுமே அதற்குச் சான்று. ஒரு ஊசியால் தீரும் பழுது இது. மூடி சரியாக இருந்தால் அடுத்தது டேப். குழாயைக் கழற்றித் திறந்தால் பெட்ரோல் தடையில்லாமல் ஒழுக வேண்டும். சொட்டினால் டேப்பின் வலையில் துரு. ரிசர்வில் போட்ட பின்புதான் நிற்கத் தொடங்கியது என்றால் தொட்டியின் அடியில் தங்கிய துருவும் நீரும் இறங்கிவிட்டன என்று பொருள்.

ஒழுக்கு நன்றாக இருந்தும் நின்றால் கார்பரேட்டர். சிக்னலிலும் வளைவிலும் ஆக்சிலரேட்டரை விட்டதும் அணைந்தால் ஸ்லோ ஜெட். தலைமுடியளவே உள்ள அந்தத் துளைதான் முதலில் அடைபடும். பாதித் திறப்பில் திக்கினால் ஊசியின் கிளிப். முழுத் திறப்பில் ஏற்றத்தில் மூச்சடைத்தால் மெயின் ஜெட், அல்லது மிதவை அறை நிரம்பும் வேகத்தைவிட இன்ஜின் குடிக்கும் வேகம் அதிகம். ஜெட்டைக் கம்பியால் குத்தக் கூடாது, காற்றால் ஊத வேண்டும் என்பது பட்டறை விதி. பித்தளைத் துளை ஒரு முறை பெரிதானால் அளவு போய்விடும்.

கார்பரேட்டரைத் தாண்டியும் காரணம் இருக்கலாம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் வேகம் தானே உயர்ந்து நின்று, பிறகு அணைந்தால் வெளிக்காற்று உள்ளே நுழைகிறது. கார்பரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் ரப்பரில் விரிசல் இருக்கலாம், காந்தச் சக்கரப் பக்க ஆயில் சீல் தேய்ந்திருக்கலாம். கியர் பக்க சீல் போனால் நேர்மாறு: கிராங்க் அறை கியர் ஆயிலை உறிஞ்சி அடர்ந்த புகை விடும், பிளக் கருகும், கியர் பெட்டியில் ஆயில் மட்டம் காரணமின்றிக் குறையும். ஆர்.எக்ஸ். 100 போன்ற ரீட் வால்வு வண்டிகளில் வால்வின் இதழ் சிதைந்தாலும் கிளப்புவது கடினமாகும். சைலன்சரில் படியும் கரி இன்னொரு மறைவிடம். வெளியேற வழியில்லாத புகை புதிய கலவையை உள்ளே வரவிடாது.

மலை செய்யும் வேறுபாடு

உயரம் கூடக்கூடக் காற்று மெலியும். ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ மூன்று விழுக்காடு. பெட்ரோல் அளவு மாறாததால் கலவை கெட்டியாகும். சமவெளியில் சரியாக ஓடிய வண்டி வெள்ளிமலையில் கரும்புகை விட்டு, நின்ற இடத்தில் அணைவது இதனால்தான். ஊசியின் கிளிப்பை ஒரு படி மேலே மாற்றினால் ஊசி இறங்கிக் கலவை மெலியும். ஆனால் இறங்கி வந்த பின் கிளிப்பைப் பழைய இடத்துக்கு மாற்ற மறந்தால் அடுத்த நெடுஞ்சாலை ஓட்டத்தில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். நின்றுபோவது எரிச்சல் மட்டுமே; மெலிந்த கலவையில் நிற்காமல் ஓடுவதுதான் ஆபத்து.

இறக்கத்தில் அபாயம் அதிகம். ஆக்சிலரேட்டரை மூடி கியரிலேயே இறங்கினால் இன்ஜின் வேகமாகச் சுற்றும், பெட்ரோலோ அதனுடன் வரும் ஆயிலோ போதிய அளவு வராது. அதனால்தான் பழைய ஓட்டுநர்கள் இறக்கத்தில் அவ்வப்போது ஆக்சிலரேட்டரை முறுக்கி விடுவார்கள். கேட்பவருக்கு வீண் ஆர்ப்பாட்டமாகத் தோன்றும் பழக்கம் அது.

பெட்ரோலும் ஆயிலும் சட்டமும்

லிட்டருக்கு எத்தனை மில்லி ஆயில் என்பது வண்டிக்கு வண்டி மாறும். இருபதிலிருந்து ஐம்பது வரை போகும். சீஸ் ஆகும் என்ற அச்சத்தில் கூடுதலாக ஊற்றுவோர் கவனிக்கத் தவறுவது ஒன்று: ஆயில் கூடினால் அதே ஜெட்டின் வழியே போகும் பெட்ரோல் குறையும். பிளக்கும் கெடும், கலவையும் மெலியும். யமஹா 1960களில் கொண்டுவந்த ஆட்டோலூப் போன்ற தனி ஆயில் பம்புகள் இந்தக் குழப்பத்தைத் தீர்க்க வந்தவை. நியாயவிலை மண்ணெண்ணெய் கலப்படம் இன்னொரு தலைவலி. அதற்கு நீலச் சாயம் சேர்க்கப்பட்டதே கலப்படத்தைக் காட்டிக்கொடுக்கத்தான்.

எரியாத பெட்ரோலின் ஒரு பங்கு புகையோடு வெளியேறுவது டூ-ஸ்ட்ரோக்கின் பிறவிக்குறை. 1991, 1996, 2000 ஆகிய ஆண்டுகளின் புகை விதிகள் அதை நெருக்கின. தில்லியில் 1998இல் உச்ச நீதிமன்றம் உதிரி ஆயில் விற்பனையை நிறுத்தச் சொன்னது. ஆர்.எக்ஸ். 100 1996இல் நின்றது. ஓசூரின் மொபெட் வரிசையிலும் 2015இல் நான்கு வீச்சு எக்ஸ்.எல். 100 வந்துவிட்டது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதிகளோடு புதிய வண்டிகளில் கார்பரேட்டரும் அநேகமாக மறைந்து, சென்சாரும் இன்ஜெக்டரும் வந்தன.

பழைய வண்டிகளுக்கு இப்போது புதிய பழுது ஒன்று வந்திருக்கிறது. 2023 பிப்ரவரியில் அறிமுகமாகிப் பின்னர் பரவிய பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால். கரும்பாலைக் கழிவுப்பாகு எத்தனாலின் முக்கிய மூலப்பொருள்களில் ஒன்று. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுக் கரும்பாலைகள் உள்ள இந்தக் கரும்பு வட்டாரத்துக்கு அது தொலைதூரச் செய்தியல்ல. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் பழைய ஜெட் அளவில் கலவை சற்று மெலியும். பழைய ரப்பர் குழாயும் வாஷரும் உப்பும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் அது ஈரத்தை இழுத்து, நீரோடு சேர்ந்து தொட்டியின் அடியில் தனியாகப் பிரியும். ஆயிலோ மேலே பெட்ரோலோடு தங்கிவிடும். டேப்பைத் திறந்ததும் முதலில் இறங்குவது ஆயில் இல்லாத அந்த அடித்திரவம். எனவே நெடுநாள் நின்ற டூ-ஸ்ட்ரோக்கை உதைத்துப் பார்ப்பதற்கு முன், மிதவை அறையின் அடித்திருகைக் கழற்றிக் கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பார்க்க வேண்டும். இரண்டு அடுக்காகத் தெரிந்தால் தொட்டியை முழுதும் வடித்துவிட்டுப் புதிதாகக் கலந்த பெட்ரோலை ஊற்றிய பிறகே கிளப்ப வேண்டும்.